கேட்காத பேஸ், முடியாத தவணை: 1988 இன் ஒரு மெட்டல் தொகுப்பைப் பற்றி

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் காலையில் மாணவர்கள் எழுந்து நின்று, வலக் கையை நெஞ்சில் வைத்து, கொடியைப் பார்த்துச் சொல்லும் ஓர் உறுதிமொழி உண்டு. 1892 இல் பிரான்சிஸ் பெலமி என்பவர் எழுதியது. கடவுளைப் பற்றிய சொற்கள் அதில் 1954 இல்தான் சேர்ந்தன. எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும் என்று அது முடிகிறது. 1988 இல் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழு வெளியிட்ட நான்காவது தொகுப்புக்கு இந்த வாக்கியத்தின் வால் துண்டே பெயரானது: '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஆல்'. முன்னால் நிற்கும் மூன்று புள்ளிகளும் பெயரைச் சேர்ந்தவை. கொடி, குடியரசு, கடவுள், சுதந்திரம் எல்லாவற்றையும் அந்தப் புள்ளிகள் விழுங்கிவிட, எஞ்சியிருப்பது 'நீதியும்' என்ற இழுவை மட்டும்.

அட்டைப்படமும் அதே வேலையைச் செய்கிறது. கண் கட்டிய நீதிதேவதையின் கற்சிலையைக் கயிறுகள் நாலா பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கின்றன. சிலை சாய்ந்து, கல்லில் வெடிப்பு ஓடி, ஆடை விலகி நிற்கிறது. கையிலுள்ள தராசுத் தட்டுகளில் டொலர் நோட்டுகள் நிரம்பி வழிகின்றன. பாடகரும் கிற்றார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் ட்ரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கும் சொன்ன கருத்தை வைத்து ஸ்டீபன் கோர்மன் வரைந்த படம் அது. மண்டையோடும் பேயும் மலிந்த மெட்டல் அட்டைகளுக்கு நடுவில், ஓர் அரசு தன் கட்டடங்களின் உச்சியில் வைத்துக் கொண்டாடும் சிலையையே எடுத்துக் கேவலப்படுத்திக் காட்டியது அக்காலத்தில் புதிது.

இந்தத் தொகுப்பின் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாடல் வரிகளைக் காட்டுவது எளிது. இரசிகர்களும் விமர்சகர்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேலாக இதைக் கேட்டுவருகிற எனக்கு, அது வரிகளில் இருப்பதைவிட அதன் நீளத்திலும் வறட்சியிலும் கூடுதலாக இருப்பதாகப் படுகிறது. பலர் குறையென்று சொன்ன இடங்கள்தான் அவை. ஏன் அப்படிப் படுகிறது என்று சொல்வதற்கு முன், அந்த நீளமும் வறட்சியும் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும்.

த்ராஷ் மெட்டல் என்பது 1980 களின் தொடக்கத்தில், பிரித்தானிய ஹெவி மெட்டலின் கட்டுக்கோப்பும் பங்க் இசையின் அவசரமும் ஒன்றுசேர்ந்து பிறந்த வகை. வலக் கையின் விளிம்பால் கம்பியை அடக்கிக்கொண்டு வேகமாக மீட்டுவதால், கிற்றாரின் நாதம் நீளாமல் வெட்டுப்பட்டு, தவிலில் விழும் சொற்கள்போலத் தனித்தனியாக வரும். மெட்டாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், அந்த்ராக்ஸ் ஆகியவற்றைப் பெரிய நான்கு என்பார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரேகனின் ஆட்சிக் காலத்தில், அணுகுண்டு எந்த நேரமும் விழலாம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் இவர்கள். ஆகவே பேயும் பிசாசும் போக, அணுப்போர், சிறை, போதை, பொய் சொல்லும் அரசு என்பன இவ்வகைப் பாடல்களில் சீக்கிரமே இடம்பிடித்தன. மெட்டாலிக்கா தன்னை ஓர் அரசியல் குழுவென்று சொல்லிக்கொண்டதில்லை. எந்தக் கட்சிக்கும் எதிராகவோ ஆதரவாகவோ இத்தொகுப்பில் ஒரு வரியும் கிடையாது.

இதன் கதை ஒரு மரணத்தில் தொடங்குகிறது. 1986 செப்டெம்பர் 27 ஆம் திகதி அதிகாலை, சுவீடனில் குழுவினர் பயணித்த பேருந்து புரண்டதில், பேஸ் எனப்படும் அடிச்சுருதிக் கிற்றாரை வாசித்த க்ளிஃப் பேர்ட்டன் இறந்தார். அவருக்கு வயது 24. அந்தக் குழுவில் இசையின் இலக்கணத்தை முறையாக அறிந்தவர் அவர். சுருதிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்து போகும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. சில வாரங்களுக்குள் அரிசோனாவைச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு குழு மேடைக்குத் திரும்பியது. துக்கம் காக்க அவகாசம் எடுக்கவில்லை. அந்தத் துக்கம் புதியவர் மீது கேலியாகவும் ஒதுக்கலாகவும் இறங்கியதைக் குழுவினரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு 1988 ஜனவரி இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸில், வன் ஒன் வன் என்ற கூடத்தில் ஆரம்பமானது. முந்தைய இரு தொகுப்புகளையும் கோபன்ஹேகனில் பதிவுசெய்து கொடுத்த ஃப்ளெமிங் ராஸ்முசன் அப்போது கைவசம் இல்லாததால், கன்ஸ் அன் ரோசஸ் என்ற ரொக் குழுவின் முதல் தொகுப்பைத் தயாரித்த மைக் க்ளிங்க்கைக் கொண்டு தொடங்கினார்கள். அது சரிவரவில்லை. சில வாரங்களில் ராஸ்முசன் வரவழைக்கப்பட்டார், மே மாதத் தொடக்கத்தில் வேலை முடிந்தது. பாடல்களைக் கட்டிய விதத்தில்தான் சங்கதி இருக்கிறது. ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் எல்லாருடைய கசெட்டுகளிலும் குவிந்துகிடந்த கிற்றார்த் துண்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். நல்ல துண்டு எதையும் கழிக்க மனமில்லை. ஒன்பது பாடல்கள் 65 நிமிடத்தைத் தாண்டின. இசைத்தட்டாக வெளியிட இரண்டு தட்டுகள் தேவைப்பட்டன. தலைப்புப் பாடல் மட்டும் பத்து நிமிடத்தைத் தொட்டுவிடும். தாளம் அடிக்கடி மாறுகிறது. முதற்பாடலான 'பிளாக்கண்ட்' இல் ஏழு எண்ணிக்கையில் ஓடும் இடங்கள் உண்டு. மிஸ்ர நடையில் பழகிய காதுக்கு அது புதினமில்லை. நான்கு நான்காகத் தலையாட்டிப் பழகிய மெட்டல் இரசிகருக்கோ கால் இடறும்.

இப்போது பேஸ் கிற்றாரின் கதைக்கு வருவோம். 2004 அளவில், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் ஒலிபெருக்கி பூட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணரிடம், பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று சொல்லி இந்தத் தொகுப்பின் சீடியைக் கொடுத்தோம். கோயில் திருவிழாக்களில் இசைக்குழுக்களுக்கு ஒலியமைப்புச் செய்து பழகிய கை அவருடையது. இரண்டாவது பாடல் ஓடும்போது மிக்சரில் அடிச்சுருதிக் குமிழைக் கொஞ்சம் திருகினார். பிறகு முழுதாகத் திருகினார். பெரிய பெட்டிகளிலிருந்து, காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்மின் டக் டக் என்ற ஒலியும் கிற்றாரின் அடிப்பகுதியும் வந்தன. அவர் வயரைக் கழற்றிப் பார்த்தார், அடுத்த பெட்டியில் மாட்டிப் பார்த்தார். கடைசியில், "தம்பி, வயர்ல பிழையில்ல. இதுல பேஸ் கிற்றாரே இல்ல. ஆரோ சனலை மூடிப்போட்டு றெக்கோட் பண்ணியிருக்கிறாங்கள்" என்றார்.

அவர் சொன்னது ஏறத்தாழ உண்மை. நியூஸ்டெட் தன் பகுதிகளை, குழுவிலோ தயாரிப்பாளர்களிலோ ஒருவரும் பக்கத்தில் இல்லாமல், ஓர் உதவிப் பொறியியலாளருடன் மட்டும் இருந்து வாசித்து முடித்தார். முழுவதும் பதிவாகியிருந்தது, அருமையான வாசிப்பு என்று ராஸ்முசனும் பின்னாளில் சொன்னார். பதிவான ஒலிகளைச் சேர்த்து அளவு பார்க்கும் கலவை வேலை நியூயோர்க் மாநிலத்தில் பேர்ஸ்வில் என்ற கூடத்தில், ஸ்டீவ் தாம்சன், மைக்கேல் பார்பியெரோ இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. அதே நாட்களில் குழு வான் ஹேலன் என்ற ரொக் குழுவுடன் பெரிய மைதானங்களில் வாசித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சிகளுக்கிடையில் ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் பறந்து வந்து, இரைச்சலில் களைத்த காதுகளோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். தாம்சனின் கூற்றுப்படி, பேஸைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னவர் உல்ரிக். அப்படிக் குறைத்த பிறகு, இன்னும் குறைக்கச் சொன்னவரும் அவரே.

இதற்கு ஒலியியல் காரணமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஹெட்ஃபீல்டின் கிற்றார் நடுச்சுருதிகளைக் குடைந்தெடுத்து, அடியையும் உச்சியையும் மட்டும் நிரப்பிய ஒலி. நியூஸ்டெட் அதே மீட்டலை அப்படியே இரட்டிப்பாக வாசித்தார். இரண்டும் ஒரே இடத்தில் உட்கார முண்டியடித்தால் ஒன்று எழும்பத்தான் வேண்டும். எழுப்பப்பட்டவர் யார் என்பதில்தான் ஒலியியல் முடிந்து, குழுவின் உள்வீட்டு அரசியல் தொடங்குகிறது. 2009 இல் குழு ரொக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட விழாவில் உல்ரிக் தன் அருகே வந்திருந்து, அந்தத் தொகுப்பில் பேஸுக்கு என்ன நடந்தது என்று தன்னிடமே கேட்டதாகத் தாம்சன் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். கேட்டவுடன் தாம்சனுக்கு அடிக்கக் கை பரபரத்ததாம். உத்தரவு போட்டவர் பிறகு வந்து, இது எப்படி நடந்தது என்று விசாரிக்கும் காட்சியை எங்கள் நாட்டில் ஆணைக்குழுக்கள் என்ற பெயரில் நாங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறோம்.

வரிகளுக்கு வருவோம். 'பிளாக்கண்ட்' பூமி கருகிச் சாவதைப் பற்றியது. செர்னோபில் அணுஉலை வெடித்து இரண்டு வருடமே ஆகியிருந்த காலம் என்பதால் அது கற்பனைப் பயமாக ஒலிக்கவில்லை. அதன் முதல் மீட்டலுக்கு நியூஸ்டெட்டின் பெயரும் சேர்ந்திருக்கிறது. எழுத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பங்கு அதுதான். தலைப்புப் பாடல், நீதிமன்ற மண்டபங்களுக்கே டொலரின் பச்சை நிறம் பூசப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. 'ஐ ஒஃப் த பிஹோல்டர்' பேச்சுரிமையைப் பற்றியது: சுதந்திரம் உனக்கு உண்டு, நான் கீறிய கோட்டுக்குள் நின்றால். 1985 இல் அமெரிக்க செனட்டில் ரொக், மெட்டல் பாடல்களின் வரிகளுக்கு எச்சரிக்கை ஒட்டவேண்டுமா என்று விசாரணை நடந்ததை நினைத்தால், இதை யாருடைய காதில் விழவேண்டுமென்று எழுதினார்கள் என்பது புரியும். 'ஹார்வெஸ்டர் ஒஃப் சொரோ' வும் 'டையர்ஸ் ஈவ்' வும் வீட்டுக்குள் நடக்கும் கொடுமைகளைச் சொல்பவை. அவற்றை இழுத்துவந்து அரசியலுக்குள் அடக்க நான் முயலவில்லை.

ஆழமான இணைப்பு ஒன்று மட்டும் கவனிக்கப்படாமல் போகிறது. 'த ஷோட்டஸ்ட் ஸ்ட்ரோ' என்ற பாடல், கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்தவர்களைக் கரும்பட்டியலில் போட்டு வேலையும் பெயரும் பறித்த 1950 களின் அமெரிக்காவை நினைவூட்டுவது. 'வன்' என்ற பாடலோ, டால்டன் ட்ரம்போ 1939 இல் வெளியிட்ட 'ஜொனி கொட் ஹிஸ் கன்' என்ற நாவலிலிருந்து வந்தது. முதலாம் உலகப்போரில் கை, கால், கண், காது, வாய் எல்லாவற்றையும் இழந்து, மூளை மட்டும் விழித்திருக்கும் ஒரு சிப்பாயின் கதை அது. அந்த ட்ரம்போதான் 1947 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்து, பின்னர் சிறைக்குப் போய், கரும்பட்டியலில் வீழ்ந்து, வருடக்கணக்காகக் கள்ளப் பெயர்களில் திரைக்கதை எழுதிப் பிழைத்த ஹொலிவூட் எழுத்தாளர். அப்படி ஒரு கள்ளப் பெயருக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. ஆக, ஒரு பாடலின் மூலக்கதையை எழுதியவர், இன்னொரு பாடல் பேசும் கொடுமைக்கு நேரடியாக ஆளானவர். குழுவினர் இதை எண்ணித்தான் செய்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

'வன்' தொடங்குவதற்கு முன் சில விநாடிகள் போர்க்களத்து ஒலிகள் வரும்: தூரத்தில் குண்டுகள், பிறகு ஹெலிகொப்டர். முதலாம் உலகப்போரில் ஹெலிகொப்டர் கிடையாது என்பதால், கதைக்கு அந்த ஒலி பிழை. ஆனால் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் முதன்முதலில் இதைச் சத்தமாகப் போட்டபோது, பின்வளவில் நின்ற மாமா அந்தப் பிழையால்தான் முன்னுக்கு வந்தார். சமாதான காலம் அது, 2003. 1990 இல் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பியவர். கையில் தேங்காய் உரித்த அலவாங்கு அப்படியே இருந்தது. வானத்தைத்தான் முதலில் பார்த்தார், பிறகுதான் வானொலிப் பெட்டியைப் பார்த்தார். "கெலிச் சத்தத்தை எல்லாம் பாட்டெண்டு போட்டுக் கேக்கிறீங்களோடா?" என்றார். அதற்குள் கிற்றார் மென்மையாகத் தொடங்கிவிட்டது. போகாமல் நின்றார். நாலு நிமிடத்துக்குப் பிறகு இரட்டைக் கிக் ட்ரம் இயந்திரத் துப்பாக்கியின் கணக்கில் இறங்கியபோது, "இது ஐம்பது கலிபர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். எந்த விமர்சனத்திலும் நான் வாசித்திராத துல்லியம் அது. உல்ரிக் உண்டாக்க நினைத்த ஒலியை, ஆங்கிலத்தில் ஒரு வரியும் புரியாமல், காதால் பெயர் சொல்லி அடையாளம் காட்டியவர் அவர்.

இந்தத் தொகுப்பைப் பதிவுசெய்துகொண்டிருந்த மாதங்களில் திருகோணமலை இந்திய அமைதிப்படையின் கையில் இருந்தது; அந்த ஆண்டு முடிவதற்குள், இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபையின் தலைநகரமாகவும் ஆனது. அந்த நேரத்தில் இங்கே யாரும் மெட்டாலிக்காவைக் கேட்டிருக்க நியாயமில்லை. பிற்பாடு கொழும்பிலிருந்து வந்த பிரதி கசெட்டுகளும், சமாதான காலத்தில் பரவிய எம்பிதிரீ சீடிகளுமே அதை இங்கே கொண்டுவந்தன. இன்றும் திருகோணமலையில் மெட்டல் கேட்கும் தமிழ்ப் பொடியன்களைக் கூட்டினால் இரண்டு முச்சக்கரவண்டிகள் போதும். ஆனால் அவர்களில் பலருக்கு முதலில் பிடித்தது இந்தத் தொகுப்புத்தான் என்பதை நான் கவனித்திருக்கிறேன். இதைவிட வேகமானதும் இனிமையானதும் அதே குழுவிடமே இருக்க, இது ஏன்?

என் பதில் இது. தொகுப்பின் வரிகள் சொல்லும் அநீதி, விலைக்கு வாங்கப்பட்ட நீதி. தராசில் டொலர், பணமுள்ளவன் வெல்கிறான். அது அமெரிக்காவின் வழக்கு. எங்களுக்குத் தெரிந்த அநீதியில் பணம் இரண்டாம் பட்சம். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கருகே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம்பிடித்து வெளிக்கொண்டுவந்த பத்திரிகையாளர் அதே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு நடந்தது. 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லையென்று, சந்தேகநபர்களான பாதுகாப்புப் படையினர் 13 பேரையும் விடுவித்தது. இடையில் போனவை பதின்மூன்றரை ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் சாட்சிகள் பயந்தார்கள், நாட்டைவிட்டுப் போனார்கள். இதில் யாரும் தராசில் நோட்டுக்கட்டை வைக்கத் தேவைப்படவில்லை. வழக்கை அடுத்த திகதிக்குத் தள்ளும் தவணை போதுமானதாக இருந்தது.

தவணைக்கு ஓர் ஒலி இருக்குமானால் அது இந்தத் தொகுப்பின் ஒலிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கிற்றாருடன் ஒழுங்காக ஆரம்பிக்கிறது, பிறகு அணிவகுப்பு நடையில் இறங்குகிறது. பாட்டு வருகிறது, பல்லவி வருகிறது, முடியப்போகிறது என்று நினைக்கும்போது இன்னொரு துண்டு தொடங்குகிறது. அது முடிந்ததும் பழையபடி முதலாவது துண்டு. ஒவ்வொரு பகுதியும் சுத்தமாக, பிசிறில்லாமல், சட்டப்படி நடக்கிறது. மொத்தத்தில் எதுவும் நகரவில்லை. கிக் ட்ரம்மின் ஒலி தோலில் அடிப்பதுபோல இல்லாமல், தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து தாளில் விழுவதுபோல உலர்ந்து கேட்கிறது. எதிரொலி கிடையாது, அறை கிடையாது. அடியில் இருந்து உடம்பைத் தாங்கவேண்டிய பேஸ், பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆள் ஆஜராகாத சாட்சியைப்போல, இருக்கிறது என்று சொல்லப்படுகிறதே தவிர, கேட்பதில்லை. நீதிமன்ற வாசலில் காலை எட்டு மணிக்கு வந்து, பின்னேரம் வரைக்கும் இருந்து, அடுத்த திகதியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு இந்தச் சலிப்பு விளங்கும். இனிமையான ஒரு தொகுப்பு இதைச் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

குழு இதை எண்ணிச் செய்யவில்லை என்று மறுப்பவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. எண்ணிச் செய்யவில்லைத்தான். பேர்ட்டனின் இடத்தை நிரப்ப மனமில்லாமலும், தங்கள் திறமையைக் காட்டிவிடும் வெறியிலும், களைத்த காதுகளாலும் நேர்ந்தது. ஆனால் கேட்பவர் கையில் வந்து சேர்வது நோக்கமல்ல, ஒலி.

வரவேற்பைப் பொறுத்தவரை, விற்பனையில் அது யாரும் எதிர்பாராத வெற்றி. வானொலி ஏறக்குறையப் புறக்கணித்த ஒரு குழுவின் தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் 6 ஆம் இடம்வரை ஏறியது. அந்நாட்டில் மட்டும் எட்டு மடங்கு பிளாட்டினம், அதாவது 80 இலட்சம் பிரதிகள் என்ற சான்றிதழை நாளடைவில் பெற்றது. விமர்சகர்கள் நுட்பத்தை மெச்சினார்கள், ஒலியின் வறட்சியைக் குறைசொன்னார்கள். 1989 ஜனவரியில் 'வன்' பாடலுக்கு வந்த காணொளி அவர்களுடைய முதலாவது காணொளி. ட்ரம்போவே தன் நாவலை 1971 இல் இயக்கிய படத்தின் காட்சிகள் அதில் இடம்பெற்றன. திரும்பத் திரும்பப் பணம் கட்டும் தொல்லையைத் தவிர்க்கக் குழுவினர் அந்தப் படத்தின் உரிமையையே வாங்கிவிட்டார்கள். காணொளியே எடுப்பதில்லை என்று வீம்பு பேசிய குழு வாக்குத் தவறிவிட்டதென்று பழைய இரசிகர்கள் கோபித்தார்கள். கை கால் இல்லாத சிப்பாய் தலையணையில் தலையை மோதி மோர்ஸ் குறியில் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த இலட்சக்கணக்கானவர்கள் கோபிக்கவில்லை. பாடல் அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் 35 ஆம் இடத்துக்கு வந்தது.

1989 பெப்ரவரியில் நடந்த கிராமி விழா இன்றுவரை பகிடியாகப் பேசப்படுகிறது. ஹார்ட் ரொக், மெட்டல் என்று முதன்முதலாக ஒரு பிரிவை வைத்தார்கள். மெட்டாலிக்கா மேடையிலேயே 'வன்' வாசித்தது. விருதோ, புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் குழுவுக்குப் போனது. அவர்கள் தங்களுக்குக் கிடைக்காது என்று விழாவுக்கே வரவில்லை. மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. மெட்டாலிக்கா, கிராமியில் தோற்றவர்கள் என்று ஒட்டியை அச்சடித்துத் தன் தொகுப்பின் மேலேயே ஒட்டி விற்றது. அடுத்த ஆண்டு பிரிவை இரண்டாக்கி, மெட்டலுக்கான விருதை 'வன்' பாடலுக்குக் கொடுத்தார்கள். 1992 இல் இன்னொரு விருதை வாங்கிய உல்ரிக், இந்த வருடம் தொகுப்பு வெளியிடாததற்காக ஜெத்ரோ டல்லுக்கு மேடையில் நன்றி சொன்னார்.

1988 செப்டெம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்த உலகச் சுற்றில், அட்டைப்படத்து நீதிதேவதையின் பெரிய சிலையொன்றை மேடையில் நிறுத்தி, அதற்கு டோரிஸ் என்று பெயர் வைத்து, ஒவ்வோர் இரவும் முடிவில் உடைந்து விழச் செய்தார்கள். அடுத்த ஊருக்குப் போனதும் மறுபடி பூட்டுவார்கள். அந்தச் சுற்றில்தான் தலைப்புப் பாடலின் நீளம் அவர்களையே திருப்பித் தாக்கியது. பத்து நிமிடம் வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசை முகங்களில் சலிப்பைக் கண்டதாகக் கிற்றார் கலைஞர் கேர்க் ஹாமெட் சொல்லியிருக்கிறார். பிறகு 2007 வரை அந்தப் பாடலை முழுதாக அவர்கள் மேடையில் தொடவில்லை. 1991 இல் வந்த அடுத்த தொகுப்பில் பாடல்கள் சுருங்கின, பேஸ் நிறைந்து கேட்டது, அரசியல் மங்கியது. விற்பனை முன்னையதைப் பலமடங்கு தாண்டியது. நல்ல பாடல்கள் கொண்ட தொகுப்புத்தான் அது. எனக்கு அதில் ஓர் அவசரம் தெரிவதில்லை.

நியூஸ்டெட் 2001 ஜனவரியில் குழுவைவிட்டு விலகினார். இரசிகர்கள் பலர், மூலத்தில் அமுங்கிய பேஸை மேலே கொண்டுவந்தும், புதிதாகத் தாங்களே வாசித்துச் சேர்த்தும், தொகுப்பின் திருத்திய வடிவங்களை இணையத்தில் பகிர்ந்தார்கள். 2018 இல் முப்பதாம் ஆண்டையொட்டி அதிகாரபூர்வமான மறுபதிப்பு வந்தபோது, இம்முறையாவது பேஸ் கேட்குமா என்பதே எல்லாருடைய கேள்வியாக இருந்தது. கேட்கவில்லை. வெளியான ஒன்றைப் பின்னால் போய் மாற்றுவது தனக்கு ஒப்பாது என்ற பொருளில் ஹெட்ஃபீல்ட் பதில் சொன்னார். மறுபதிப்புப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த ஆரம்பகட்டப் பதிவுகளில் மட்டும் நியூஸ்டெட்டின் விரல்கள் ஓரளவு கேட்கின்றன.

சென்ற ஆண்டு அந்த ஒலிபெருக்கி அண்ணரைச் சந்தித்தபோது, இரசிகர் ஒருவர் பேஸை உயர்த்திச் செய்த வடிவத்தைத் தொலைபேசியில் இறக்கி அவருடைய பெட்டியில் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பழைய கதை ஞாபகமிருந்தது. குமிழை நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாடல் கேட்டார். "ஆள் நல்லா வாசிச்சிருக்கிறான்" என்றார். பிறகு அன்றைய நிகழ்ச்சிக்கு மைக் கட்ட எழும்பிப் போனார்.